தலையெழுத்தும் தலைப்பெழுத்தும்

சங்கரன்கோயில் ரத வீதியில் நின்றுகொண்டு, "சங்கரா!" என்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நிற்பார். தேநீர்க் கடைப் பெஞ்சிலிருந்து மூன்று தலைகள் நிமிரும். "கோமதி!" என்று கூப்பிட்டால் ஜன்னல்களிலும் தலைகள் தெரியும். சங்கரன், சங்கரநாராயணன், சங்கரநயினார், சங்கரவடிவு, சங்கரம்மாள் என்று ஊரே சுவாமியின் பெயரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. அந்தச் சௌகரியத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவள் என் பால்ய சிநேகிதர் ஒருவரின் பேத்தி.

அந்தப் பெண் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள். அவளுடைய தலைமுறையில் பலருக்கு வம்சாவளி தேடுகிற ஆசை வந்திருக்கிறது. அவளும் ஒரு பெரிய காகிதத்தில் கிளை கிளையாகக் கோடு போட்டுக்கொண்டு ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"தாத்தா, இங்கே வந்து நின்றுபோய்விட்டது" என்று ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

அங்கே அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் 'ச' என்று ஓர் எழுத்து. அதற்கு மேலே கோடு இல்லை, வெறும் கேள்விக்குறி.

"சங்கரன் என்று அப்பா சொல்கிறார். எந்தச் சங்கரன், என்ன தொழில், எந்தத் தெரு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு படம் இல்லை, ஒரு திவசத் தேதிகூட இல்லை. அப்படியும் ஒரு மனுஷர் இருக்க முடியுமா, தாத்தா?"

எனக்கும் அப்போது விடை தெரியவில்லை. ஆனால் திவசத் தேதி இல்லாத தகப்பன் என்றதும் மனசில் ஏதோ தட்டுப்பட்டது. அதைத் தேடிப் போன கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்குக் கிடையாது. நமக்கு இருப்பதெல்லாம் ஓர் எழுத்து. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். செட்டிநாட்டார் அதையே விலாசம் என்று சொல்லி, மூன்று நான்கு எழுத்துக்களை வரிசையாகக் கோத்துக்கொள்வார்கள். சங்கீத வித்வான்கள் ஊரின் எழுத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஓர் எழுத்துத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சுடுகாடு வரையில் நம்மோடு வருகிறது. அதைத் தலைப்பெழுத்து என்கிறோம். பிரமன் எழுதுவது தலையெழுத்து. குமாஸ்தா எழுதுவது தலைப்பெழுத்து. இரண்டில் எது அதிகமாக மனுஷனை அலைக்கழித்திருக்கிறது என்று திட்டமாகச் சொல்ல முடியாது.

முறையான கலியாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு எந்த எழுத்தை வைப்பது? இந்தக் கேள்வியை ஒவ்வொரு தேசமும் தன் சுபாவத்துக்குத் தக்கபடி தீர்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தில் தகப்பன் ராஜாவாக இருந்தால் கவலை இல்லை. எட்டாம் ஹென்றிக்கும் எலிஸபெத் பிளௌண்ட் என்ற பெண்மணிக்கும் 1519ல் பிறந்த பிள்ளைக்கு 'ஃபிட்ஸ்ராய்' என்று பெயர். ராஜாவின் மகன் என்பதே அதன் பொருள். கலியாணம் ஆகவில்லை என்பதையும், தகப்பன் யார் என்பதையும் ஒரே சொல்லில் விளம்பரப்படுத்திவிட்டார்கள். ஏழை வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பாக்கியம் ஏது? இத்தாலியில் தெருவிலும் கோயில் வாசலிலும் விடப்பட்ட குழந்தைகளுக்கு 'எஸ்போஸிட்டோ' என்று பெயர் வைத்தார்கள். 'வெளியே விடப்பட்டது' என்று அர்த்தம். பிளாரன்ஸ் நகரத்து அநாதை விடுதி 1445ல் முதல் குழந்தையை ஏற்றுக்கொண்டது. அங்கே வளர்ந்தவர்களுக்கு 'இன்னொசென்டி' என்ற பெயர் வந்தது. 'மாசற்றவர்கள்' என்று பொருள். இரண்டும் ஒரே தேசம். ஒரு பெயரில் ஊராரின் ஏளனம் இருக்கிறது. மற்றொன்றில் கருணை இருக்கிறது.

லண்டனில் தாமஸ் கோரம் என்ற பழைய கப்பல்காரர் பாடுபட்டு, 1739ல் ராஜ சாஸனம் பெற்று ஓர் அநாதை விடுதி ஏற்படுத்தினார். அங்கே சேரும் குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்து ஞானஸ்நானம் செய்துவிடுவார்கள். தாய் வைத்த பெயர் அன்றோடு போயிற்று. பிற்காலத்தில் குழந்தையை அடையாளம் காட்டுவதற்காகத் தாய்மார்கள் ஒரு துணித் துண்டையோ, பாதி நாணயத்தையோ விட்டுச் செல்வார்கள். எழுத்து இல்லாத தாய் துணியை எழுத்தாக வைத்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம்முடைய தேசத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், ராஜராஜ சோழன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் விவரம் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கல்வெட்டு அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஜாதாவாக எழுதியிருக்கிறது. ஒரு பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல் என்ற கணக்கும் இருக்கிறது. இவ்வளவு கவனமாக எழுதியவர்கள் அந்தப் பெண்களின் தகப்பன்மாரை மட்டும் எழுதவில்லை. பெயருக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே சொல்: 'நக்கன்.' அது சிவபெருமானின் பெயர். பிச்சாடனராகத் திகம்பரமாய்த் திரிந்தாரே, அந்தப் பெருமான்.

இந்தப் பெண்களைப் பிற்காலத்துத் தேவதாசிகளோடு ஒன்றாக வைத்து எண்ணுவது சரியல்ல. அவர்கள் காலம் வேறு, நிலைமை வேறு. ஆனாலும் தகப்பன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் சுவாமியின் பெயர் நிற்கிறதே, அதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ராஜேந்திர சோழனின் அன்புக்குப் பாத்திரமாகித் திருவாரூர்க் கோயிலோடு தன் பெயரை இணைத்துக்கொண்ட பரவை நங்கையும் 'நக்கன் பரவை'தான்.

சங்கரன்கோயில்காரனுக்கு இது சட்டென்று புரியும். இந்த ஊர்ச் சுவாமி ஒரு பாதி சங்கரன், மறு பாதி நாராயணன். சங்கன் என்ற நாகராஜன் சிவபக்தன். பதுமன் என்ற நாகராஜன் விஷ்ணு பக்தன். இருவருக்கும் எவர் பெரியவர் என்று வழக்கு. கோமதி அம்மன் தபசிருந்து, இரண்டும் ஒன்றே என்று காட்டும்படி வேண்ட, சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார் என்பது ஸ்தல புராணம். அந்தத் தபசைத்தான் ஆடி மாதத்தில் ஊர் கொள்ளாத கூட்டத்தோடு கொண்டாடுகிறோம்.

அந்த அரிக்கும் அரனுக்கும் ஒரு பிள்ளை உண்டல்லவா? ஹரிஹர புத்திரன்; நம் ஜில்லாக்காரர் வாயில் சாஸ்தா. நாராயணன் மோகினியாக வந்தபோது பிறந்தவர். அந்தப் பிள்ளைக்கு முகூர்த்தம் எங்கே, கலியாணப் பத்திரிகை எங்கே என்று எந்தப் பக்தரும் கேட்டதில்லை. மாறாக, திருநெல்வேலிச் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று மூட்டை முடிச்சோடு அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போவார்கள். தன் சாஸ்தா எது என்று தெரியாதவன் பொதிகை மலை அடிவாரத்தில் சொரிமுத்து ஐயனாரிடம் போனால் போதும் என்று சொல்வது வழக்கம். குலதெய்வம் தகப்பன் வழியில் வருவது. மருமகள் புக்ககத்துச் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைப்பாள். பிறந்தகத்துச் சாஸ்தா அண்ணன் தம்பிமாருக்கு. இந்த விதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுவாமியின் விஷயம் அப்படி. சொத்தின் விஷயம் வேறு. சங்கரன்கோயிலைச் சுற்றிச் சிவகிரி, தலைவன்கோட்டை, நெல்கட்டும்செவல் என்று பாளையங்களும் ஜமீன்களும் இருந்த பூமி இது. ஜமீன்களில் தாலி கட்டிய ராணியைத் தவிர, அபிமான ஸ்திரீகளும் உண்டு. அவர்கள் வயிற்றில் பிறந்தவன் அபிமான புத்திரன். எவ்வளவு நயமான வார்த்தை! அபிமானம் இருந்தது, பாத்யதைதான் இல்லை.

பழைய இந்து தர்ம சாஸ்திரம் இதில் ஒரு விசித்திரம் செய்திருந்தது. மேல் மூன்று வருணத்தாரின் முறையற்ற பிள்ளைக்குச் சோறும் துணியும் மாத்திரமே பாத்யதை. நான்காம் வருணத்தானின் பிள்ளைக்கோ, தாய் நிலையாக ஒருவனோடு வாழ்ந்தவளாக இருந்தால், சொத்திலேயே ஒரு பங்கு உண்டு. தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கிய இடத்தில்தான் பிள்ளைக்குக் கொஞ்சம் நியாயம் கிடைத்தது! ஆகவே, ஜமீன் வழக்குகளில் வக்கீல்கள் முதலில் வாதாடியது இந்தக் குடும்பம் எந்த வருணம் என்பதைப் பற்றித்தான். பிறகு, கலியாணம் நடந்ததா இல்லையா என்பதைப் பற்றி. 1869ல் சென்னை ராஜதானியிலிருந்து போன வழக்கு ஒன்றில், நான்காம் வருணத்துக்குள் வெவ்வேறு உட்பிரிவினர் செய்துகொண்ட கலியாணம் செல்லும் என்று லண்டன் பிரிவி கவுன்ஸில் தீர்ப்புச் சொல்லிற்று. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த நாலைந்து வெள்ளைக்காரர்கள் ஒரு வாக்கியம் சொன்னதும், இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் முறையான பிள்ளைகள் ஆனார்கள்.

ஜமீன் பிள்ளைக்காவது வக்கீல் உண்டு. சாதாரணக் குடியானவப் பெண்ணுக்கு? அவளுடைய குழந்தையைப் பற்றிக் கிராம முன்சீப்பின் ஜனனப் பதிவேடுதான் பேச வேண்டும். 1886ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம், தாயும் தகப்பன் என்று ஒப்புக்கொள்பவனும் சேர்ந்து வந்து கேட்டாலன்றி, முறையற்ற குழந்தைக்குத் தகப்பன் பெயர் எழுதக் கூடாது என்றது. ஆண்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றும் விதி. பெண்பிள்ளையின் மானம் அந்தக் காலியிடத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது.

ஆனால் நம் ஊர் ஜனங்கள் புத்திசாலிகள். காலியிடத்தைக் காலியாக விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் "தகப்பன் பெயர்?" என்று கேட்பார். தாய்மாமன் ஒரு விநாடி யோசிப்பார். ஒரு பெயர் சொல்வார். தாத்தா பெயராக இருக்கலாம். மாமனின் சொந்தப் பெயராகவே இருக்கலாம். கோயில் சுவாமியின் பெயராக இருக்கலாம். ஊரில் பாதிப் பேர் சங்கரனாக இருக்கும்போது இன்னும் ஒரு சங்கரனை யார் எண்ணப் போகிறார்கள்? ஆரம்பத்தில் சௌகரியம் என்றேனே, அது இதுதான்.

சில இடங்களில் ஜனங்கள் ஒளிக்கவும் இல்லை. மதுரையில் 1916ல் பிறந்த சுப்புலக்ஷ்மி என்ற பெண் குழந்தை பிற்காலத்தில் இரண்டு எழுத்துக்களோடு உலகம் முழுவதும் அறிமுகமாயிற்று. 'எம்' மதுரை, 'எஸ்' சண்முகவடிவு. வீணை வாசித்த தாயின் பெயர்தான் அது. பாலஸரஸ்வதிக்கு முன்னால் நிற்கும் 'டி' தஞ்சாவூர். இசையும் நாட்டியமும் குலவித்தையாக இருந்த குடும்பங்களில் வீடு தாயினுடையது, வித்தை தாயினுடையது; எழுத்தும் தாயினுடையதாகவோ ஊரினுடையதாகவோ இருந்தது. அந்த எழுத்துக்களைச் சபாக்களில் எத்தனை பேர் கை குவித்து உச்சரித்தார்கள்! அவர்களில் எத்தனை பேர் அதன் பொருளை யோசித்தார்கள்?

அதே குலத்தில் சந்திரம்மாளுக்கும், புதுக்கோட்டைக் கல்லூரியின் தலைவராக இருந்த நாராயணசாமி ஐயருக்கும் மகளாக 1886ல் பிறந்தவர் முத்துலக்ஷ்மி. அவரைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியபோது மகாராஜாவே தலையிட்டு இடம் கொடுத்தார். 1912ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1927ல் சென்னைச் சட்டசபைக்கு முதல் பெண் அங்கத்தினராக வந்தார். கோயிலுக்குப் பொட்டுக் கட்டிய பெண்களின் மானிய நிலங்களை அவர்களுக்கே சொந்தமாக்க வழி செய்தார். 1930ல் ஒளவை இல்லம் தொடங்கினார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் நிறைவேறியது. சட்டசபையில் அவரை எதிர்த்தவர்களுக்குக் கலையும் தர்மமும் பெரிதாக இருந்தன. அவருக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் ஒரு பெண் குழந்தை பெரிதாக இருந்தது. அந்த வாசலில் அவரே நின்றவர் அல்லவா?

சட்டம் மெல்ல மெல்லத்தான் நடக்கும். 1955ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம், செல்லாத கலியாணத்தில் பிறந்த பிள்ளைகளை முறையான பிள்ளைகளாக்க இடம் கொடுத்தது. அவர்களுக்குப் பெற்றோரின் பங்கில் உரிமை உண்டு என்று, கூட்டுக் குடும்பச் சொத்து வரையில் கணக்கிட்டு, 2023ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது. கலியாணமே நடக்காத இடத்தில் பிறந்த பிள்ளைக்கு 1956ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம் தாய் வழி உறவை மட்டும் ஒப்புக்கொள்கிறது. கலியாணம் ஆகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே குழந்தையின் ஜனனச் சான்றிதழைப் பெறலாம் என்று 2015ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பாஸ்போர்ட்டுக்குத் தாய் தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் போதும் என்ற விதி 2016 டிசம்பரில் வந்தது. தஞ்சைக் கல்வெட்டிலிருந்து இங்கே வந்து சேர ஆயிரம் வருஷம் பிடித்திருக்கிறது.

நம்முடைய 'ச'வுக்குத் திரும்புவோம்.

சிநேகிதரின் பேத்தி சும்மா இருக்கவில்லை. பத்திரப் பதிவு ஆபீஸில் மனுப் போட்டு, கொள்ளுத் தாத்தா வாங்கிய நிலத்துக்கும் விற்ற நிலத்துக்கும் நகல்கள் வாங்கினாள். பிந்திய பத்திரத்தில் 'சங்கரன் குமாரர்' என்று கண்டிருந்தது. முந்தியதில், சுதந்திரத்துக்கு முன்னால் எழுதிய கிரயப் பத்திரத்தில், 'சங்கரவடிவம்மாள் குமாரன்' என்று கண்டிருந்தது. எழுத்து மாறவில்லை, எழுத்துக்குப் பின்னால் இருந்த ஆள் மாறியிருந்தார்! 'குமாரன்' என்பது 'குமார'ராக உயர்ந்ததையும் அவள் கவனித்துச் சொன்னாள். தகப்பன் பெயர் வந்ததும் மரியாதையும் வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அவர்கள் உறவு முறையார் எல்லோரும் ஒரு சாஸ்தாவுக்குப் போவார்கள்; இவர்கள் குடும்பம் மட்டும் தாமிரபரணிக் கரையில் வேறொரு சாஸ்தாவுக்குப் போகும். என் சிநேகிதரை நானே கேலி செய்திருக்கிறேன். "எங்கள் வழக்கம் அப்படி" என்பார். அது வழக்கமல்ல; சங்கரவடிவின் பிறந்தகத்துச் சாஸ்தா. காகிதத்தில் தகப்பனை உண்டாக்கியவர்கள் சாமியிடம் மட்டும் பொய் சொல்லத் துணியவில்லை.

தொண்ணூறு வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி அந்தத் தெருவில் இருக்கிறாள். இரண்டு பேரும் போய்க் கேட்டோம். வெகுநேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, உனக்கு அவ நெத்தி" என்றாள். "ஒத்தைப் பொம்பளையா நின்னு பருத்தி எடுத்து, மிளகா காயப்போட்டு, அந்தப் பயலை ஆளாக்கினா. அவன் யாருன்னு ஊருக்குத் தெரியும். அவ வாயாலே ஒரு நாளும் சொன்னதில்லே. இப்ப நானும் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். தகப்பன் பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

செய்தி வீட்டுக்குப் போனதும் அவளுடைய பெரியப்பா என்னிடம் வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் உட்கார்ந்ததும் கோபம் போய்ப் பயம் மிஞ்சியது.

"அண்ணாச்சி, என் மகளுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் இது எதற்கு? சங்கரன் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவரை நான் ஏளனம் செய்யமாட்டேன். அந்த ஓர் எழுத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் அந்தக் குடும்பம் நாலு பேருக்கு நடுவில் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன தாய்மாமன் குற்றவாளியா? உண்மையைச் சொல்லவிடாத ஊர் குற்றவாளியா? நான் அவருக்கு ஒன்றுதான் சொன்னேன்: "நஷ்டம் சங்கரவடிவுக்கு. பருத்தி எடுத்துப் பிள்ளை வளர்த்தவளை எடுத்துவிட்டு, இல்லாத ஒரு ஆண்பிள்ளையை அங்கே உட்கார வைத்திருக்கிறோம்."

பேத்தி என்னைவிடத் தெளிவானவள். "பெரியப்பா, பொய் எழுத மாட்டேன். ஆனால் அக்கா கலியாணம் முடிகிற வரையில் காகிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றாள். பெரியப்பா சம்மதித்தார் என்று சொல்ல முடியாது, எழுந்து போய்விட்டார். ஆனால் அந்த வருஷத்துப் பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் அதே சாஸ்தாவுக்குத்தான் போனார்கள். பொங்கல் பானைக்குப் பொட்டு வைக்கும்போது, "முதல் பானை ஆச்சி பேருக்கு" என்று பெரியப்பாவே சொன்னாராம். எந்த ஆச்சி என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே போகப் போகக் கோடு ஓரிடத்தில் நின்றுவிட்டால், ராஜாவையும் ஜமீனையும் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். பழைய பத்திரத்தைப் பாருங்கள், குலதெய்வத்தைக் கேளுங்கள், தெருவில் மிஞ்சியிருக்கும் ஆச்சியிடம் மரியாதையாக உட்காருங்கள். கேள்விக்குறி இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருப்பாள்.

அந்தப் பெரிய காகிதத்தில் இப்போது 'ச' என்ற எழுத்துக்கு மேலே ஒரு கோடு இருக்கிறது. அதன் நுனியில் 'சங்கரவடிவு' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் உள்ள இடத்தை அந்தப் பெண் காலியாகவே விட்டுவிட்டாள்.